இந்தச் சொல் வேறு எங்கே இருக்கிறது?

கிரிஸ்பர் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் முக்கால்வாசி கத்தரிக்கோலில்தான் தொடங்கும். தப்பில்லை. 2020 வேதியியல் நோபல் அறிவிப்பே அதை மரபணுக் கத்தரிக்கோல் என்றுதான் சொன்னது. ஆனால் கத்தரிக்கோல் எங்கே போய் வெட்டவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு வரலாறு இருக்கிறது. அது பெரும்பாலும் கணினித் திரையில் நடந்தது. அதில் உயிரியலாளர்கள் அளவுக்கு நிரலாளர்களும் இருக்கிறார்கள். பரிசுப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பொறியியல் முடித்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருடங்களாகத் தேடல் சம்பந்தமான மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு பெரிய குவியலில் ஒரு சிறிய சரத்தை எப்படி வேகமாகக் கண்டுபிடிப்பது என்பதுதான் என் அன்றாடக் கவலை. அதனால் கிரிஸ்பர் வரலாற்றைப் படிக்கும்போது என் கண் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய் நின்றது. இந்தக் கதை தொடங்கியதே ஒரு தேடலில்தான். இன்று அது வந்து நிற்பதும் ஒரு தேடலில்தான்.

1

1987ல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிசுமி இஷினோ என்ற ஆய்வாளர் ஈ கோலை பாக்டீரியாவின் ஒரு மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் டி.என்.ஏ.வின் எழுத்துகளைக் கையால்தான் வாசிக்கவேண்டும். சில நூறு எழுத்துகளுக்கே மாதக்கணக்கில் ஆகும். மரபணுவுக்குப் பக்கத்தில் விசித்திரமான ஒன்று தென்பட்டது. 29 எழுத்து கொண்ட ஒரு வரிசை, அப்புறம் சம்பந்தமில்லாத 32 எழுத்து, மறுபடி அதே 29, மறுபடி வேறொரு 32. பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வந்து, நடுவில் சரணம் மட்டும் மாறிக்கொண்டே போவதுபோல. இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை என்று கட்டுரையின் கடைசியில் எழுதிவிட்டு அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஸ்பெயினின் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்சிஸ்கோ மொஹிக்கா போகவில்லை. சாந்தா போலா என்ற கடலோர ஊரின் உப்பளங்களில் வாழும் ஒரு நுண்ணுயிரில் இதே பல்லவி அமைப்பை அவர் 1990களின் தொடக்கத்தில் பார்த்தார். ஒரு கடலோர உப்பள உயிரியிலும், மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாவிலும் ஒரே மாதிரியான அமைப்பு இருக்கிறதென்றால் சும்மா இருக்காது என்று நினைத்தார். வருடக்கணக்காக அதையே துரத்தினார். 2002ல் இந்த அமைப்புக்குக் கிரிஸ்பர் என்று பெயர் வந்தது. அதிலும் அவருடைய பங்கு உண்டு.

எல்லோரும் பல்லவியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 2003 ஆகஸ்டில், ஊர் வெயிலுக்குப் பயந்து ஏசி உள்ள அலுவலகத்தில் ஒதுங்கிய மொஹிக்கா, சரணங்களை எடுத்துப் பார்த்தார். செய்தது மிக எளிய வேலை. வேர்டு பிராசஸரில் ஒவ்வொரு சரணத்தையும் வெட்டி எடுப்பது, பிளாஸ்ட் என்ற தேடல் நிரலில் ஒட்டுவது, உலகில் இதுவரை வாசிக்கப்பட்ட டி.என்.ஏ.க்களில் இது வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்பது. கட், பேஸ்ட், என்டர். ஒரு சரணம் ஈ கோலையைத் தாக்கும் பி1 என்ற வைரஸோடு பொருந்தியது. அந்தச் சரணத்தைச் சுமந்த ஈ கோலை வகை, அந்த வைரஸால் பாதிக்கப்படாத வகை என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அந்த வார இறுதிக்குள் சுமார் 4,500 சரணங்களைத் தேடி முடித்தார். 88க்கு மட்டுமே பொருத்தம் கிடைத்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வைரஸ்களோடும், வைரஸ் மாதிரி உள்ளே நுழையக்கூடிய டி.என்.ஏ. வளையங்களோடும் பொருந்தின. பாக்டீரியா தன்னைத் தாக்கிய எதிரிகளின் அடையாளங்களைத் தன் உடலுக்குள்ளேயே குறித்து வைத்திருக்கிறது! பாக்டீரியாவுக்கும் நோய் எதிர்ப்பு நினைவு உண்டு.

இதை நேச்சர் இதழ் திருப்பி அனுப்பியது. அடுத்தடுத்து இன்னும் மூன்று இதழ்கள் மறுத்தன. கடைசியில் 2005 பிப்ரவரியில், அவ்வளவு பிரபலமில்லாத ஓர் இதழில் வந்தது. கருவி, சோதனைக் குழாய் எதுவும் இல்லாமல் வெறும் தேடலில் கிடைத்த கண்டுபிடிப்பு என்பதுதான் நம்பத் தயங்கியதற்குக் காரணமோ என்று எனக்குத் தோன்றும். இரண்டு வருடத்தில், 2007ல், டானிஸ்கோ நிறுவனத்தின் ரோடோல்ஃப் பாராங்குவும் ஃபிலிப் ஹோர்வாத்தும் தயிர் பாக்டீரியாவை வைத்து இதைச் சோதனையில் நிரூபித்தார்கள். தயிர் உறைய வைக்கும் தொழிலில் வைரஸ் தொல்லை என்பது காசு பிரச்சினை. அதனால் அக்கறையும் இருந்தது.

2

2012 ஜூனில் ஜெனிஃபர் டௌட்னா, இமானுவேல் ஷார்பான்டியே குழு இந்த எதிர்ப்பு அமைப்பைப் பிரித்து மேய்ந்து, அதை நம் விருப்பத்துக்கு ஆட்டிவைக்கலாம் என்று காட்டியது. காஸ்9 என்ற புரதம்தான் வெட்டுவது. அதன் கையில் ஓர் ஆர்.என்.ஏ. சீட்டு இருக்கும். அந்தச் சீட்டில் 20 எழுத்து. டி.என்.ஏ.வில் அந்த 20 எழுத்து எங்கே வருகிறதோ, அதை ஒட்டி ஜி, ஜி என்று இரண்டு எழுத்தும் சரியான இடத்தில் இருந்தால், காஸ்9 அங்கே வெட்டும். சீட்டை மாற்றினால் வெட்டும் இடம் மாறும். புரதத்தைத் தொடவே வேண்டாம். இந்தச் சீட்டைத்தான் வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்கிறார்கள். 2013 ஜனவரியில் ஃபெங் ஜாங் குழுவும் ஜார்ஜ் சர்ச் குழுவும் ஒரே நேரத்தில், மனித செல்லுக்குள் இது வேலை செய்கிறது என்று அறிவித்தன.

இங்கேதான் கேள்வி தலைகீழாகிறது. மொஹிக்கா ஒரு சரத்தை எடுத்து, இது வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடினார். இருக்கிறது என்ற பதிலில் குதூகலித்தார். 2013க்குப் பிறகு ஆய்வகங்களில் எல்லோரும் கேட்பதும் அதே கேள்விதான். ஆனால் இப்போது இல்லை என்ற பதில் வரவேண்டும். வேறு எங்காவது இருந்தால் காஸ்9 அங்கேயும் போய் வெட்டும். அந்த இடம் புற்றுநோயைத் தடுக்கும் ஒரு மரபணுவாக இருந்தால்?

மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். நான்கு எழுத்துகளை வைத்து 20 எழுத்துச் சொற்கள் எத்தனை உருவாக்கலாம்? நான்கின் 20ஆம் அடுக்கு. சுமார் 1.1 லட்சம் கோடி. மனித மரபணுத்தொகையில் இருப்பது 310 கோடி எழுத்து. இரண்டு இழைகளையும் சேர்த்தால் 620 கோடி. பக்கத்தில் ஜிஜி இருக்கும் இடங்கள், எதேச்சையாக எழுதப்பட்ட நூலில், பதினாறில் ஒன்று. சுமார் 39 கோடி. 39 கோடி இடத்தில் 1.1 லட்சம் கோடியில் ஒரு சொல் தற்செயலாக வர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அப்புறம் என்ன?

இரண்டு சிக்கல். முதலாவது, நம் மரபணுத்தொகை எதேச்சையாக எழுதப்பட்டதில்லை. அதில் ஏறக்குறைய பாதி, திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். அலு என்ற ஒரு துண்டு மட்டும், சுமார் 300 எழுத்து, பத்து லட்சம் தடவைக்கு மேல் இருக்கிறது. அதற்குள் விழும் 20 எழுத்தைச் சீட்டில் எழுதிக்கொடுத்தால் காஸ்9 எங்கெல்லாம் போகுமென்று கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் பெரியது. காஸ்9 எழுத்துப்பிழையை மன்னிக்கும். அதன் பூர்வீகத் தொழில் வைரஸைப் பிடிப்பது. வைரஸ் எழுத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ஓர் எழுத்து மாறியதும் விட்டுவிடும் காவல்காரனை வைத்து பாக்டீரியா என்ன செய்யும்? பாக்டீரியாவுக்கு வரமான குணம் நமக்குத் தலைவலி ஆகிறது. 20 எழுத்தில் மூன்று வரை தப்பாக இருக்கலாம் என்று விட்டால், ஒரு சொல்லுக்கு 32,551 வேற்றுருவங்கள். மேலே போட்ட அதே கணக்கில் இப்போது ஒரு வழிகாட்டிக்கு 11 அல்லது 12 தவறான இடங்கள் வந்துவிடும். நான்கு பிழை வரை விட்டால் வேற்றுருவங்கள் 4,24,996. தவறான இடங்கள் சுமார் 150. இது எதேச்சையான நூலுக்கான கணக்குதான். நிஜம் வழிகாட்டிக்கு வழிகாட்டி மாறும்.

எத்தனை பிழை வரை மன்னிக்கும் என்பதற்கு 2013லேயே ஒரு பதில் வந்தது. கீத் ஜௌங் குழு மனித செல்களில் சோதித்து, ஐந்து எழுத்து மாறியிருந்த இடத்தில்கூட வெட்டு விழுவதைக் காட்டியது. சில இடங்களில், நினைத்த இலக்கில் விழுந்ததற்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ தவறான இடத்தில் விழுந்திருந்தது.

3

சரி, தேடவேண்டும். எதை வைத்துத் தேடுவது? மொஹிக்கா பயன்படுத்திய பிளாஸ்ட் 1990ல் வந்த அருமையான நிரல். ஆனால் அது வேகத்துக்காக ஒரு குறுக்குவழி எடுக்கும். தேடும் சரத்தின் 11 எழுத்து அடுத்தடுத்து அப்படியே பொருந்தும் இடத்தை மட்டும் முதலில் பிடிக்கும், பிறகு இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கும். நீளமான மரபணுக்களுக்கு இது போதும். 20 எழுத்துக்கு? பத்தாவது எழுத்து மட்டும் மாறியிருக்கிறது என்று வையுங்கள். முன்னால் 9 எழுத்து, பின்னால் 10 எழுத்து. பதினொன்று எங்குமே கிடையாது. ஒரே ஓர் எழுத்து மாறிய இடம், காஸ்9 தயங்காமல் வெட்டக்கூடிய இடம், தேடல் முடிவில் வரவே வராது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. என் தொழிலில் தேடல் ஒரு முடிவைத் தவறவிட்டால் யாரோ ஒருவருக்கு ஒரு பழைய மின்னஞ்சல் கிடைக்காது. இங்கே அப்படியில்லை.

அடுத்த தலைமுறைக் கருவிகள் வேறொரு பரம்பரையிலிருந்து வந்தன. 1994ல் மைக்கேல் பர்ரோஸ், டேவிட் வீலர் இருவரும் கோப்புகளைச் சுருக்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள். சரத்தின் எழுத்துகளை ஒரு குறிப்பிட்ட வகையில் கலைத்து அடுக்கினால் ஒரே எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், சுருக்குவது சுலபம். லினக்ஸ் பழகியவர்களுக்கு பிசிப்2 தெரிந்திருக்கும். அதன் வயிற்றில் இருப்பது இதுதான். பர்ரோஸ் அப்புறம் ஆல்டாவிஸ்டா தேடுபொறியை உருவாக்கியவர்களில் ஒருவர். அப்படிக் கலைத்து அடுக்கியதிலேயே வேகமாகத் தேடவும் முடியும் என்று பிறகு தெரிந்தது. 2009ல் அதே அடிப்படையில் பவ்டை, பிடபிள்யூஏ என்ற நிரல்கள் வந்தன. மனித மரபணுத்தொகை முழுவதையும் ஒரு சாதாரண கணினியின் நினைவகத்தில் அடக்கி, துண்டு துண்டான வரிசைகள் எங்கே பொருந்துகின்றன என்று நொடிக்குப் பல ஆயிரக்கணக்கில் சொல்லும். கோப்புச் சுருக்கத்துக்காகப் பிறந்த யோசனை மரபணு வாசிப்புக்கு வந்து, அங்கிருந்து மரபணுத் திருத்தத்துக்கு வந்தது. இந்த மாதிரிப் பயணங்கள்தான் எனக்குக் கணினியியலில் பிடித்த விஷயம்.

2014ல் வந்த சாப்சாப் முதலிய வழிகாட்டி வடிவமைப்புத் தளங்கள் பவ்டையின் தோளில்தான் நின்றன. ஆனால் பவ்டையும் வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டது. அதன் நேரடித் தேடலில் மூன்று பிழைக்கு மேல் கேட்க முடியாது. உயிரியல் ஐந்து என்கிறது, கருவி மூன்றோடு நிற்கிறது.

இதற்குத் தென் கொரியாவிலிருந்து வந்த பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2014ல் ஜின்-சூ கிம் குழுவைச் சேர்ந்தவர்கள் காஸ்-ஆஃபைண்டர் என்ற நிரலை வெளியிட்டார்கள். அதில் எந்தச் சாமர்த்தியமும் கிடையாது. மரபணுத்தொகையில் ஜிஜி வரும் ஒவ்வோர் இடத்துக்கும் போய், 20 எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எத்தனை பிழை என்று எண்ணும். அவ்வளவுதான். இன்டர்வியூவில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த ஒப்பிடலை வீடியோ கேம் விளையாடும் கிராஃபிக்ஸ் அட்டையின் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். குறுக்குவழியே எடுக்காததால் எதுவும் தவறிப்போகாது. எத்தனை பிழை வேண்டுமானாலும் கேட்கலாம். தவறவிடக்கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை என்றால், முட்டாள்தனமாகத் தெரியும் வழிதான் நேர்மையான வழி.

4

தேடினால் பட்டியல் வரும். நூற்றைம்பது இடம் இருக்கிறது என்கிறது கருவி. எதற்குப் பயப்படுவது, எதை விடுவது? இங்கே மதிப்பெண் என்ற சமாச்சாரம் உள்ளே வருகிறது.

2013ல் ஜாங் குழு, 700க்கும் மேற்பட்ட வழிகாட்டி வேற்றுருவங்களை மனித செல்களில் சோதித்தது. எந்த இடத்தில் எழுத்து மாறினால் காஸ்9 எவ்வளவு தயங்குகிறது என்று அளந்தது. ஜிஜிக்குப் பக்கத்திலிருக்கும் எழுத்துகள் மாறினால் பெரும்பாலும் வெட்டாது. தூரத்து முனையில் மாறினால் கண்டுகொள்ளாது. இதை 20 எண்களாகச் சுருக்கினார்கள். முதல் இரண்டு இடங்களுக்கு எடை 0. பதினான்காவது இடத்துக்கு 0.851, அதுதான் உச்சம். இந்த எடைகளை வைத்து ஒவ்வொரு தவறான இடத்துக்கும் ஒரு மதிப்பெண், எல்லாவற்றையும் கூட்டி வழிகாட்டிக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். எம்.ஐ.டி. பெயரில் ஓர் இணையதளம். உங்கள் வரிசையை ஒட்டுங்கள், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டியல் வரும். உலகம் முழுக்க ஆய்வு மாணவர்கள் பச்சையில் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த 20 எண்கள் பிறகு எத்தனையோ நிரல்களுக்குள் அப்படியே நகலெடுக்கப்பட்டன. நானே சில திறந்த மூல நிரல்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். விளக்கக் குறிப்பு ஒரு வரிகூட இல்லாமல், ஒரு பட்டியலாக, அந்த 20 எண்கள் உட்கார்ந்திருக்கும்.

வெட்டக்கூடாத இடத்தில் வெட்டாமல் இருப்பது பாதிதான். வெட்டவேண்டிய இடத்தில் வெட்டவும் வேண்டுமே. ஒரே மரபணுவுக்குள் பக்கத்துப் பக்கத்து வழிகாட்டிகளில் ஒன்று பிரமாதமாக வெட்டும், ஒன்று அசையாது. 2014ல் ஜான் டென்ச் குழு 1,841 வழிகாட்டிகளைச் செய்து பார்த்தது. ஆறு எலி மரபணு, மூன்று மனித மரபணு. தேர்ந்தெடுத்தவை எல்லாம் செல்லின் மேற்பரப்பில் நிற்கும் புரதங்களுக்கானவை. வெட்டு விழுந்தால் அந்தப் புரதம் மறைந்துவிடும், மறைந்த செல்களைத் தனியாகப் பிரித்து எண்ணிவிடலாம். 20 எழுத்தில் கடைசி எழுத்து ஜி என்றால் நன்றாக வெட்டும், சி என்றால் சொதப்பும் என்பது போன்ற விதிகள் வெளியே வந்தன. இவை ஏன் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, ஆனால் வேலை செய்தன. 2016ல் டென்ச், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் நிக்கோலோ ஃபூசி, ஜெனிஃபர் லிஸ்ட்கார்டன் ஆகியோருடன் சேர்ந்து இதை இயந்திரக் கற்றலுக்குக் கொண்டுபோனார். 2019ல் கொரியாவில் 12,832 இலக்குகளின் தரவை வைத்து ஆழக்கற்றல் மாதிரி பயிற்றுவிக்கப்பட்டது.

இப்படி ஆளாளுக்கு ஒரு கருவி, ஆளாளுக்கு ஒரு மதிப்பெண் என்று ஆனபோது, 2016ல் மாக்ஸிமிலியன் ஹாய்ஸ்லர் குழு ஒரு காரியம் செய்தது. வெளியான எல்லா மதிப்பெண் முறைகளையும், வெளியான எல்லாச் சோதனைத் தரவுகளையும் எடுத்து ஒன்றோடொன்று மோதவிட்டது. கிடைத்த பாடம் எளிமையானது. செல்லுக்குள்ளேயே வழிகாட்டியை உற்பத்தி செய்யும் சோதனைகளுக்கு டென்ச் மதிப்பெண் பொருந்துகிறது. வெளியே குழாயில் உற்பத்தி செய்து மீன் கருவில் செலுத்தினால் அது பொருந்தவில்லை, மீனை வைத்துச் செய்த மதிப்பெண்தான் பொருந்துகிறது. அதாவது ஒவ்வொரு மதிப்பெண்ணும் தான் பிறந்த ஆய்வகத்தின் வாசனையைச் சுமக்கிறது. இந்த ஒப்பீட்டிலிருந்து பிறந்ததுதான் கிரிஸ்போர் தளம். அது எதையும் ஒற்றை எண்ணாகப் பூசி மெழுகாமல், பல மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் சோதனை எந்த வகையோ அதற்கான மதிப்பெண்ணைப் பாருங்கள் என்கிறது.

இதற்கிடையில் 2015ல் ஜௌங் குழுவின் கைட்-சீக் போன்ற முறைகள், உண்மையிலேயே செல்லில் எங்கெல்லாம் வெட்டு விழுந்தது என்பதைப் பிடித்துக் காட்டின. கணினி பயமுறுத்திய பல இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. கணினி சொல்லாத சில இடங்களில் வெட்டு இருந்தது. எனவே இன்று சிகிச்சைக்குப் போகும் எந்த வழிகாட்டிக்கும் இரண்டு பரீட்சையும் உண்டு. கணினியில் ஒன்று, செல்லில் ஒன்று.

5

இதுவரை ஒரு கேள்வியைக் கேட்காமலே வந்துவிட்டோம். எந்த நூலில் தேடுகிறோம்?

மனித மரபணுத்தொகை என்று ஒருமையில் சொல்கிறோம். அப்படி ஒன்று கிடையாது. கருவிகள் தேடுவது ஆதாரப் பிரதி என்ற ஒரு கோப்பில். அதன் சுமார் 70 சதவீதம் ஒரே மனிதருடையது. 1997ல் அமெரிக்காவின் பஃபலோ நகரச் செய்தித்தாளில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ரத்தம் கொடுத்த, பெயர் வெளியிடப்படாத ஒருவர். உலகின் வழிகாட்டிகளெல்லாம் பெரும்பாலும் அவர் உடம்பில் பாதுகாப்பாக இருக்குமா என்றுதான் சோதிக்கப்பட்டன என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை.

தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது சுலபம். 1887ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே ஒரு சுவடியை வைத்து அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. ஊர் ஊராக ஏடு தேடினார், ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார். ஓர் ஏட்டில் இருக்கும் சொல் இன்னொன்றில் வேறாக இருக்கும். ஒரு பிரதியை மட்டும் பார்த்து இந்தச் சொல் இந்த நூலில் வேறெங்கும் இல்லை என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று பதிப்பாசிரியர்களுக்குத் தெரியும். மனிதர்களுக்குள்ளும் பாடபேதம் உண்டு. ஒருவருக்கும் ஆதாரப் பிரதிக்கும் இடையே லட்சக்கணக்கான இடங்களில் எழுத்து மாறும். அப்படி மாறிய ஓர் எழுத்து, இல்லாத இடத்தில் ஒரு ஜிஜியை உருவாக்கிவிட்டால்?

அது கற்பனை இல்லை. அரிவாள் செல் சோகைக்கான மரபணுத் திருத்தச் சிகிச்சை பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் ஒரு விசையை வெட்டுகிறது. பிறந்த பிறகு கருக்கால ஹீமோகுளோபினை அணைத்து வைப்பது அந்த மரபணுதான். விசையை வெட்டினால் கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப வரும், ரத்த அணுக்கள் அரிவாளாக வளைவது நிற்கும். அழகான உத்தி. 2022 இறுதியில் லூகா பினெல்லோ, டேனியல் பாவர் குழுக்கள் கிரிஸ்பர்மீ என்ற கருவியை வெளியிட்டன. ஆதாரப் பிரதியில் மட்டும் தேடாமல், ஆயிரக்கணக்கான மனிதர்களின் பாடபேதங்களையும் சேர்த்துத் தேடும் கருவி. பிசிஎல்11ஏ வழிகாட்டியை அதில் போட்டார்கள். பட்டியலின் உச்சியில் வந்தது ஆதாரப் பிரதியில் இல்லாத ஓர் இடம். சிபிஎஸ்1 என்ற மரபணுவுக்குள், ஒரே ஓர் எழுத்து மாற்றத்தால் புதிதாக முளைத்த ஜிஜி. அந்த மாற்றம் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சுமார் 4.5 சதவீத அளவில் காணப்படுவது. அதைச் சுமந்த ஒருவரின் ரத்த மூலச்செல்களை எடுத்து ஆய்வகத்தில் சோதித்தார்கள். அங்கே வெட்டு விழுந்தது.

அரிவாள் செல் சோகையால் அதிகம் பாதிக்கப்படுவது யார்? ஆப்பிரிக்க வம்சாவளியினர்தான். யாருக்காகச் சிகிச்சையோ அவர்களுடைய பிரதியில்தான் பாடபேதம் இருந்தது. அந்த இடம் மரபணுவின் புரதம் ஆகாத பகுதிக்குள் இருக்கிறது, அதனால் கெடுதல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கிறார்கள். அந்தக் குழுவே, நுணுக்கம் கூட்டப்பட்ட காஸ்9ஐப் பயன்படுத்தினால் இந்த வெட்டு வெகுவாகக் குறைகிறது என்றும் காட்டியது. 2023 அக்டோபர் 31ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு கூடி விவாதித்த முக்கியக் கேள்வியே இதுதான்: தவறான இடங்களைத் தேடியது போதுமா, தேடிய மரபணுத்தொகைகள் போதுமா? இந்த நோயால் ஒவ்வொரு நாளும் துடிப்பவர்களுக்குக் காத்திருக்கச் சொல்வதும் ஓர் அபாயம்தான் என்பதையும் அங்கே எடைபோட்டார்கள். பிரிட்டன் நவம்பரிலும் அமெரிக்கா டிசம்பரிலும் காஸ்கெவி என்ற அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. சோதனையில் பங்கேற்றவர்களை 15 வருடம் கண்காணிப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த முடிவு சரி. ஆனால் அந்தக் கேள்வி அன்றோடு முடிந்துவிடவில்லை.

6

இனி நம் பக்கம். 1952ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் தென்னிந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை எழுதினார்கள். கண்டது நீலகிரி மலைப் பழங்குடிகளிடம். இந்தியாவில் இந்த நோயின் வரலாறு நீலகிரியிலிருந்து தொடங்குகிறது என்றே சொல்லலாம். 2023 ஜூலையில் இந்திய அரசு 2047க்குள் இந்த நோயை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கி, 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாக அறிவித்தது. காஸ்கெவியின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். அது நீலகிரிக்கு வராது. வேலூர் ஸ்டெம் செல் ஆய்வு மையத்திலும் டெல்லியிலும் உள்நாட்டு மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கான ஆய்வுகள் நடப்பது அதனால்தான் முக்கியம்.

அப்படி ஒரு சிகிச்சை வரும்போது, வழிகாட்டியை யாருடைய பிரதியில் தேடுவோம்? உலகக் கருவிகள் அதிகம் நம்பும் பாடபேதத் தொகுப்பு, 2015ல் முடிந்த ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டம். 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர். அந்த 26ல் ஒன்று தமிழர்கள். தரவில் எஸ்டியு என்ற மூன்றெழுத்துக் குறியைப் பார்த்து, விரித்து வாசித்தபோது ஒரு நிமிஷம் கை நின்றது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். 102 பேர். மரபணுவியல் கருவிகளுக்கு ரொம்ப நாளாகத் தமிழர் என்றால் அந்த 102 பேர்தான். அவர்களிலோ அவர்களைப் பெற்றவர்களிலோ எத்தனை பேர் போருக்குத் தப்பி அங்கே போயிருப்பார்களோ, கோப்பு அதையெல்லாம் சொல்லாது.

102 பேர் என்றால் 204 பிரதிகள். 200ல் ஒரு பிரதியில் வரும் பாடபேதம் ஒன்று இந்த 204ல் ஒன்றில்கூடத் தட்டுப்படாமல் போக வாய்ப்பு 36 சதவீதம். அதுவும் அவர்களுக்குள் இருக்கும் பேதத்துக்கு. இருளர், பணியர், குரும்பர் பிரதிகளுக்கு இந்தக் கணக்கே செல்லாது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம்செய்யும் சிறு குழுக்களில், வெளியே அபூர்வமான ஒரு மாற்றம் உள்ளே சகஜமாக இருக்கும். நம் நாட்டில் சாதியும் மலையும் சேர்ந்து அப்படிப்பட்ட குழுக்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி வைத்திருக்கின்றன. 2025 ஜனவரியில் ஜீனோம் இந்தியா திட்டம் 83 குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்தது. பெரிய முன்னேற்றம். ஆனாலும் எண்பத்து மூன்று.

2025 மே மாதம் இன்னொரு செய்தி வந்தது. ஃபிலடெல்ஃபியாவில், பிறவியிலேயே கல்லீரல் நொதி ஒன்று வேலை செய்யாத ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தைக்கு மட்டுமான மரபணுத் திருத்த மருந்தைச் சுமார் ஆறு மாதத்தில் தயாரித்துக் கொடுத்தார்கள். கோளாறு இருந்த மரபணு, எதேச்சையாக, அதே சிபிஎஸ்1. ஒரே ஒரு நோயாளி என்பதால் எந்த நூலில் தேடுவது என்ற குழப்பம் அங்கே குறைவு. அந்தக் குழந்தையின் பிரதியையே வாசித்துவிடலாம். கருவிகள் போகவேண்டிய திசை அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மனிதரின் முழு மரபணுத்தொகையை வாசிக்கும் செலவு இன்று சிகிச்சைச் செலவின் முன்னால் தூசு. சிகிச்சைக்கு முன் நோயாளியின் பிரதியிலேயே ஒருமுறை தேடிவிடுவதைக் கட்டாய நடைமுறையாக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. காஸ்-ஆஃபைண்டர் மாதிரி சாமர்த்தியமில்லாத, எதையும் தவறவிடாத ஒரு நிரல் போதும். எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன.

நீலகிரியில் எங்கோ ஒரு பாடியில், மூட்டு வலியில் இரவெல்லாம் அழுத ஒரு குழந்தைக்கு ஒருநாள் அந்த 20 எழுத்துச் சீட்டு போகத்தான் போகிறது. போகட்டும், சீக்கிரமே போகட்டும். அதற்கு முந்தைய நாள் யாராவது ஒருவர், அந்தக் குழந்தையின் சொந்த ஏட்டைத் திறந்துவைத்து, மொஹிக்கா கேட்ட அதே கேள்வியைக் கேட்டு, என்டர் தட்டிப் பார்த்திருக்கவேண்டும்.